தோட்டக் குடில் அன்று, தோட்டத்துக் கொட்டகை

போன வாரம் ஓர் இதழில் வந்த மொழிபெயர்ப்புக் கட்டுரையை, எண்பது வயதைத் தாண்டிய எங்கள் ஆத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஓய்வுபெற்ற ஓர் ஆங்கிலேயர் தம் வீட்டுத் தோட்டத்தைப் பற்றி எழுதியது அது. ‘மழை நாள்களில் என் தோட்டக் குடிலில் அமர்ந்து கருப்புத் தேநீர் அருந்துவதே எனக்குப் பேரின்பம்’ என்று ஒரு வரி. ஆத்தா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். “பாவம், மகனும் மருமகளும் வீட்டுக்குள் சேர்க்கவில்லையா? பாலுக்குக்கூட வழியில்லாமலா இருக்கிறார்?” என்று கேட்டார்.

ஆத்தாவின் மேல் பிழையில்லை. ‘குடில்’ என்ற சொல்லைக் கேட்டவர் வேறு எதை நினைப்பார்? அந்த மனிதருக்கு மாடி வீடு இருக்கிறது. மண்வெட்டியும் பூவாளியும் பூந்தொட்டிகளும் போட்டுவைக்கும் ‘ஷெட்’டில்தான் அவர் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார். அதைத்தான் மொழிபெயர்த்தவர் குடில் ஆக்கிவிட்டார். இந்த ஓர் ஆண்டுக்குள் ‘தோட்டக் குடில்’ என் கண்ணில் படுவது நான்காவது முறை. இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

சொல்லின் பிறப்பை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஷெட்’ என்பது நிழலைக் குறிக்கும் ‘ஷேட்’ என்ற சொல்லின் திரிபு என்று ஆங்கில அகராதிகள் சொல்கின்றன. வெயிலுக்கும் மழைக்கும் பொருளை ஒதுக்கிவைக்கும் இடம், அவ்வளவுதான். தமிழில் இதற்குக் கொட்டில், கொட்டகை என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. மலையாளத்தில் கொட்டில், கன்னடத்தில் கொட்டிகெ, தெலுங்கில் கொட்டமு எனச் சுற்றிலும் இதன் உறவுகள் வாழ்கின்றன.

குடில் அப்படிப்பட்டதன்று. குடி, குடியிருப்பு, குடித்தனம் ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் சொல் அது. சிறியதோ பெரியதோ, அதில் ஆள் வாழவேண்டும். முனிவர் இருந்தது குடில். ஏழை இருப்பது குடில். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளை விடுதிகளாக மாற்றியவர்கள் தோட்டத்து அறைகளுக்குக் குடில் என்று பலகை மாட்டினால் நான் குறை சொல்லமாட்டேன். அங்கே ஆள் தங்குகிறார். மண்வெட்டி தங்குமிடத்துக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்?

குடிலுக்காக வாதாடும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவர் சொல்லும் காரணங்கள் மூன்று. கொட்டகைக்கு நான்கு புறமும் சுவர் கிடையாது, ஆங்கிலேயரின் ஷெட்டுக்குச் சுவரும் கதவும் உண்டு என்பது முதலாவது. கொட்டகை வடமொழியின் ‘கோஷ்டம்’ என்பதிலிருந்து வந்தது, ஆகவே தூய தமிழன்று என்பது இரண்டாவது. கொட்டகை என்றால் மாடும் சினிமாவும் நினைவுக்கு வருகின்றன, அந்தச் சொல்லில் அழகில்லை என்பது மூன்றாவது.

முதல் இரண்டுக்கும் பெரும்பாணாற்றுப்படை ஒன்றே போதும். ஒரு சிற்றூரின் வீட்டு முற்றத்தைக் காட்டும் இடம் அது. பெண்யானைக் கூட்டம் நிற்பதுபோலக் குதிர்கள் நிற்கின்றன. திரிகைக்கு ஒரு பந்தல் இருக்கிறது. அதை அடுத்து, ‘குறுஞ்சாட்டு உருளையொடு கலப்பை சார்த்தி நெடுஞ்சுவர் பறைந்த புகைசூழ் கொட்டில்’ என்று வருகிறது. சிறு வண்டியின் சக்கரத்தையும் கலப்பையையும் சாத்திச் சாத்தி நீண்ட சுவர் தேய்ந்துபோன கொட்டில். சுவர் இருக்கிறதா இல்லையா? உள்ளே இருப்பவை உழவுக்கருவிகள்தாமே? அந்த ஆங்கிலேயர் தம் ஷெட்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியதைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் இரண்டே அடியில் எழுதிவைத்திருக்கிறார். சங்கப் பாட்டில் இருக்கும் சொல்லின் இனத்தைத் தூய்மையில்லை என்று தள்ளிவிட்டு வேறு எந்தத் தூய்மையைத் தேடுகிறோம்? வடமொழியிலும் குடீ, குடீரம் என்று இருக்கின்றனவே. அந்தக் கணக்கில் பார்த்தால் குடிலும் தப்பாது. என்னைக் கேட்டால், சொல்லின் பிறப்புச் சான்றிதழைப் பார்ப்பதற்கு முன்னால் அது சொல்லவேண்டியதைச் சொல்கிறதா என்று பார்க்கவேண்டும்.

மூன்றாவது காரணம்தான் என்னை வருத்துகிறது. மாட்டுக் கொட்டகை, வண்டிக் கொட்டகை, தேர்க் கொட்டகை, சினிமாக் கொட்டகை என்று எத்தனை வேலை செய்திருக்கிறது இந்தச் சொல்! கல்யாணம் என்றால் வாசலில் கொட்டகை போட்டார்கள். உழைத்த சொல்லை, உழைத்தது என்ற காரணத்துக்காகவே கீழானது என்பது அநியாயம். எங்கள் வீட்டில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டித் தோட்டத்துக்குப் போனால், செம்புறாங்கல் சுவர் வைத்து நாட்டு ஓடு போட்ட கொட்டகை ஒன்று இருக்கிறது. கடப்பாரை, அரிவாள், சாக்கு, பின்னல் விட்டுப்போன ஓலைக் கொட்டான்கள், தரைக்குப் போட்டு மிஞ்சிய ஆத்தங்குடிக் கற்கள், ஒரு கயிற்றுக் கட்டில். மாலை நான்கு மணிக்குத் தூக்குவாளியில் தேநீரை ஊற்றிக்கொண்டு நான் அங்கேதான் போகிறேன். மழை பெய்தால் ஓட்டுச் சத்தம் கேட்கும். பழைய சாக்கின் மணமும் இஞ்சி மணமும் கலந்து வரும். குடில் என்று பெயர் வைத்தால் இதில் எது கூடும்?

கொட்டில் என்றே எழுதலாமே என்றால், எழுதலாம். ஆனால் இன்றைய வழக்கில் அது பெரும்பாலும் மாட்டோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. கொட்டகை இன்னும் அகலமாக இருக்கிறது. ஆகவே என் தேர்வு கொட்டகைதான். ‘ஷெட்’ என்றே எழுதினாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன். கார் ஷெட் என்று ஊரே சொல்கிறது. குடிலைப்போல அது யாரையும் ஏமாற்றுவதில்லை.

முன்னொட்டிலும் கவனம் வேண்டும். எங்கள் ஐயா இலங்கையில் ஒரு கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளராக, இருந்தவர். அவருக்குத் தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம். மலையகத்தில் பறித்த இலையை நிறுக்கும் கொட்டகைக்குக் ‘கொழுந்து மடுவம்’ என்றும், தாய்மார் மலையேறும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் இடத்துக்குப் ‘பிள்ளை மடுவம்’ என்றும் பெயர். கொட்டகையைக் குறிக்கும் ‘மடுவ’ என்ற சிங்களச் சொல்லை வாங்கி, தேவைக்கேற்ப முன்னால் ஒரு சொல் சேர்த்துக்கொண்டார்கள். படிக்காத தொழிலாளர்கள் செய்த சொல்லாக்கம் இது. இதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. தேநீர் பற்றிய கட்டுரையில் ‘தோட்டக் குடில்’ என்று எழுதினால், அங்குள்ள வாசகர் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தைத்தான் நினைப்பார். அதனால்தான் நான் ‘வீட்டுத் தோட்டத்துக் கொட்டகை’ என்று ஒருமுறையாவது விரித்து எழுதச் சொல்கிறேன்.

‘கருப்புத் தேநீர்’ இன்னொரு பிழை. ஆங்கிலத்தில் அது இலையின் வகை. பறித்த கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றில் நிறம் மாறவிட்டு உலர்த்தினால் அந்த வகை கிடைக்கும். நாம் கடையில் ‘தேயிலை’ என்று வாங்குவதும் அதுவே. ஆங்கிலேயர் பலர் அதில் பால் விட்டுத்தான் குடிக்கிறார்கள். தமிழில் கருப்பு என்றதும் பால் போய்விடுகிறது. பாலில்லாததைச் சொல்ல வெறுந்தேநீர், கடுந்தேநீர் என்று சொற்கள் இருக்கின்றன. கட்டுரையின் அந்த வரிக்குத் ‘தேநீர்’ என்பதே போதும். பச்சைத் தேநீர்ப் பொட்டலத்தின் மேல் ‘பசுந்தேயிலை’ என்று அச்சிடுவதும் இப்படித்தான் குழப்புகிறது. நீலகிரியில் விவசாயிகள் ஆலைக்கு விற்கும், அப்போதுதான் பறித்த ஈர இலைக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. ‘தேனீர்’ என்று எழுதுவோருக்கும் ஒன்று: இது தேனில் வந்த நீரன்று. தென்சீனக் கரையின் ‘தே’ டச்சுக்காரர் கப்பலில் ஏறி உலகம் சுற்றியது. அந்தத் தே சேர்ந்த நீர், தேநீர்.

அமர்ந்து, அருந்தி, பருகி, பேரின்பம் அடைந்து என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டில் ‘உட்கார்’, ‘குடி’ என்ற சொற்கள் இல்லையா? மூலத்தில் அந்த மனிதர் எளிமையாகப் பேசியிருக்கிறார். அவருக்கு ஏன் சரிகை வேட்டி கட்டிவிடுகிறீர்கள்?

அந்த வரியைத் திருத்தி ஆத்தாவுக்கு மறுபடி வாசித்தேன்: ‘மழை பெய்தால் தோட்டத்துக் கொட்டகையில் உட்கார்ந்து தேநீர் குடிப்பேன், அதைவிட எனக்கு வேறு சுகமில்லை.’ “நம் வீட்டுக் கொட்டகை மாதிரியா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அப்படியானால் மேலே படி” என்றார்.