மருந்து தெரியும், கேட்கத் தெரியுமா?

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கும் செவிலியர்களுக்கும் பால்வினை நோய் சிகிச்சைப் பயிற்சி தருவது என் வேலையில் ஒரு பகுதி. வகுப்பில் எல்லோரும் அக்கறையாகக் குறித்துக்கொள்வது மருந்துப் பெட்டிகளின் நிறத்தைத்தான். சீழ் வடிந்தால் சாம்பல் பெட்டி: அசித்ரோமைசின், செஃபிக்சிம். வெள்ளைப்படுதலுக்குப் பச்சை. ஹெர்பிஸ் புண்ணுக்குச் சிவப்பு. ஆய்வகம் இல்லாத ஊரிலும் அறிகுறியை வைத்து அன்றைக்கே மருந்து கொடுக்க தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆனால் நோயாளி வாயைத் திறந்தால்தானே எந்தப் பெட்டி என்று தெரியும்?

அதனால் நடித்துப் பார்க்கச் சொல்வேன். ஒருவர் டாக்டர், ஒருவர் நோயாளி. "தப்பான பழக்கம் எதுவும் இல்லையே?" என்று ஆரம்பிப்பார் டாக்டர். "அய்யோ, இல்ல சார்." முடிந்தது கதை. உடன் வந்தவரை வெளியே உட்காரவைத்துவிட்டு, "இந்தத் தொந்தரவோட வர்ற எல்லார்கிட்டயும் இதைக் கேப்போம்" என்று தொடங்கினால் ஆள் கொஞ்சம் தளர்வார். கடைசியாக எப்போது உறவு, ஆணுறை போட்டாரா, கடந்த மூன்று மாதத்தில் வேறு யாருடனாவது உண்டா, ஆணா பெண்ணா என்று வரிசையாகக் கேட்கலாம். கடைசிக் கேள்வியில் டாக்டர்களுக்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதைக் கேட்காவிட்டால் ஆசனவாயில் உள்ள தொற்றைப் பார்க்கத் தோன்றாது.

அடுத்து, பார்ப்பது. சிபிலிஸ் புண் பெரும்பாலும் வலிக்காது, சில வாரங்களில் தானே ஆறிவிடும். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய களிம்புதான் கேட்டது என்று நோயாளி நம்புவார். அப்புறம் உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்பு வரும், அனேகமாக அரிப்பு இருக்காது. அலர்ஜி மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். அங்கே தடிப்பு என்றாலே சிபிலிஸைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனையான ஆர்பிஆர் எழுதுங்கள் என்று மறுபடி மறுபடி சொல்கிறேன். இந்தக் கட்டத்தில் கிருமிக்கு எதிராக உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் அளவுக்கு மீறி இருப்பதால், சில சமயம் நெகட்டிவ் என்றே முடிவு வரும். சந்தேகம் தீரவில்லையென்றால் ரத்த மாதிரியை நீர்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

சிபிலிஸுக்குப் போடும் பென்சத்தீன் பெனிசிலின் ஊசி என்றால் அலர்ஜி வருமோ என்று பலருக்குப் பயம். பயத்தில் வேறு மாத்திரை எழுதிவிடுகிறார்கள். கர்ப்பிணிக்கு அந்த மாத்திரை செல்லவே செல்லாது. வயிற்றில் இருக்கும் குழந்தையையும் காப்பாற்ற இந்த ஊசி மட்டும்தான் வழி. அலர்ஜி இருந்தால்கூட, வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்பி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து உடம்பைப் பழக்கிவிட்டு இதையே போடுவார்கள். பயத்தைப் போக்க வகுப்பிலேயே மருந்தைக் கலந்து காட்டுவேன். பால் போலக் கெட்டியாக வரும், மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும். 21 நம்பரோ அதைவிடப் பருமனானதோ வேண்டும். 24 லட்சம் யூனிட்டை இரண்டாகப் பிரித்து இரு பிட்டத்திலும் மெதுவாக, இடையில் நிறுத்தாமல் போட வேண்டும். பரிசோதனை ஊசி முதலில், கடும் அலர்ஜி வந்தால் போடும் அட்ரினலின் கையெட்டும் தூரத்தில், போட்டபின் அரை மணி நேரம் உட்காரவைப்பது, இதெல்லாம் பழகிய சிஸ்டர்கள் பிறகு தயங்குவதில்லை. அன்றிரவு காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். கிருமி மொத்தமாகச் சாவதால் வருவது அது, அலர்ஜி இல்லை. பாராசிட்டமால் போதும்.

துணைக்கும் சேர்த்து மருந்து கொடுக்காவிட்டால் இத்தனையும் வீண். கிளமிடியா, கொனோரியா என்ற பால்வினைத் தொற்றுகள் பல பெண்களுக்கு அறிகுறியே காட்டாது, எனவே மனைவி தானாக வரமாட்டார். கர்ப்ப காலப் பரிசோதனையில் முதலில் அவருக்குத் தெரியவந்தால், வீட்டில் பழி அவர்மேலேயே விழும். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற விசாரணையில் இறங்காதீர்கள், அது நம் வேலை இல்லை. துணைக்குக் கொடுத்தனுப்பும் சீட்டில் நோயின் பெயரை எழுதாதீர்கள். வரச்சொல்லும் நாளும், பால்வினை நோய்க்கான சுகவாழ்வு மையம் இருக்கும் அறை எண்ணும் போதும்.