பந்தைத் தொடாதவருக்கும் மதிப்பெண்: பிளஸ்-மைனஸ் கணக்கு

கூடைப்பந்து ஆட்டம் முடிந்ததும் வெளியாகும் புள்ளிப்பட்டியலில் ஒவ்வொரு வீரரின் பெயருக்கும் நேரே +11 என்றோ -7 என்றோ ஓர் எண் இருக்கும். அதுதான் பிளஸ்-மைனஸ். அந்த வீரர் களத்தில் இருந்த நேரத்தில் அவருடைய அணி எடுத்த புள்ளிகளிலிருந்து எதிரணி எடுத்த புள்ளிகளைக் கழித்தால் கிடைப்பது. பந்தைக் கூடையில் போட்டது யார் என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை. ஐஸ் ஹாக்கியிலிருந்து வந்த இந்தக் கணக்கை 2007-08 பருவம் முதல் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. தன் புள்ளிப்பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

ஓர் ஆட்டத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஸ்கோர் 10-8 என்றிருக்கும்போது ஒருவர் களம் இறங்குகிறார். 24-17 ஆனதும் வெளியே வருகிறார். 14 எடுத்து 9 கொடுத்ததால் +5. பிறகு 40-38ல் மறுபடியும் இறங்கி, 46-51ல் வெளியேறுகிறார். இந்த முறை 6 எடுத்து 13 கொடுத்ததால் -7. ஆக மொத்தம் -2. அணி 8 புள்ளி வித்தியாசத்தில் வென்றால், அதன் வீரர்கள் அனைவரின் எண்களையும் கூட்டினால் 40 வரும். ஒவ்வொரு புள்ளியும் அப்போது களத்தில் நின்ற ஐந்து பேர் கணக்கிலும் முழுசாக ஏறுகிறது அல்லவா?

இதன் பலமும் பலவீனமும் இந்த ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. எதிராளியின் வழியை மறித்து சக வீரருக்கு இடம் உண்டாக்குவது, சரியான நேரத்தில் தடுப்பாட்டத்துக்குத் திரும்பி ஓடுவது ஆகியவற்றுக்கு வழக்கமான பட்டியலில் இடமே கிடையாது. பிளஸ்-மைனஸ் அவற்றையும் கணக்கில் சேர்த்துவிடுகிறது. ஆனால் நட்சத்திர வீரரோடு சேர்ந்து ஆடியவருக்கும் அதே பிளஸ் கிடைக்கும். எதிரணிக்காரர் தொலைவிலிருந்து எறிந்த, தலா 3 புள்ளி தரும் மூன்று பந்துகள் தற்செயலாக உள்ளே விழுந்தாலே -9. அதனால் ஒரே ஓர் ஆட்டத்தின் எண்ணை வைத்து ஒருவரை எடைபோடுவது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

2015-16 பருவத்தில் என்.பி.ஏ. அணியான கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 82 ஆட்டங்களில் 73ஐ வென்றது. ஆட்டத்துக்குச் சராசரியாக 30.1 புள்ளி எடுத்து லீக்கில் முதலிடம் பிடித்தவர் அந்த அணியின் ஸ்டெஃபன் கரி. பிளஸ்-மைனஸிலோ முதலிடம் சராசரியாக 14 புள்ளி மட்டுமே எடுத்த, அதே அணியின் டிரேமண்ட் கிரீனுக்கு. பருவம் முழுவதற்குமான அவருடைய பிளஸ்-மைனஸ் மொத்தம் ஆயிரத்தைத் தாண்டியது. தடுப்பாட்டத்தில் அணியைத் தாங்கியவர் அவர். ஆனால் இருவரும் பெரும்பாலும் சேர்ந்தே ஆடினார்கள். யார் பங்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது?

கரி மட்டும், கிரீன் மட்டும், இருவரும் இல்லாமல் என்று அணி ஆடிய நிமிடங்கள்தான் துப்பு. வீரர் மாறும் ஒவ்வொரு இடைவெளியையும் ஒரு சமன்பாடாக எழுதுகிறார்கள்: இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், விளைவு இத்தனை புள்ளி. பருவம் முழுவதற்குமான ஆயிரக்கணக்கான சமன்பாடுகளுக்கும் சேர்த்து மிக நெருக்கமான தீர்வைக் கணினி தேடுகிறது. சக வீரர்களின் பலமும் எதிராளிகளின் பலமும் கழிந்த மதிப்பு அதில் கிடைக்கும். எப்போதும் ஒன்றாகவே ஆடும் இருவரைப் பிரிப்பதில் மட்டும் இந்த முறையும் தடுமாறும். ஒருவருக்கு மிகையாகக் கொடுத்து மற்றவரிடமிருந்து பிடுங்கிவிடும். அதைத் தடுக்கவே, போதிய சான்று இல்லாத மதிப்புகளைச் சராசரியை, அதாவது பூஜ்யத்தை, நோக்கி இழுத்துப் பிடிக்கும் திருத்தம் ஒன்றையும் கணக்கில் சேர்க்கிறார்கள். குறைந்த நிமிடங்களே ஆடியவரின் எண் இதனால் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். அவர் ஆட ஆடத்தான் அது அங்கிருந்து நகரும்.