பலமான குத்து வேறு, படுக்க வைக்கும் குத்து வேறு

1985-இல் பிரிட்டனில் ஃபிராங்க் புருனோவின் குத்தை அளந்து பார்த்தார்கள். ஹெவிவெயிட் பிரிவில் உலகப் பட்டத்தைக் குறிவைத்து ஏறிக்கொண்டிருந்த ஆள் அவர். மெத்தை சுற்றிய கனமான இலக்கு ஒன்றை ஊசல் போலத் தொங்கவிட்டு, அதில் கருவிகளைப் பொருத்திக் குத்தச் சொன்னார்கள். கை கிளம்பி இலக்கைத் தொட ஆன நேரம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. தொடும்போது முஷ்டியின் வேகம் நொடிக்கு 8.9 மீட்டர். உச்ச விசை 4,096 நியூட்டன், சுமார் 400 கிலோ எடைக்குச் சமம். தொட்டதிலிருந்து அந்த உச்சத்துக்குப் போக 14 மில்லிநொடிதான் ஆனது. ஆறு கிலோ மரச் சம்மட்டியில் மெத்தையைச் சுற்றி, மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் எப்படி விழுமோ அப்படி என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

புருனோ மொத்தம் 45 சண்டை போட்டு 40-இல் ஜெயித்தார். அதில் 38 நாக் அவுட். சரி, இப்படிப்பட்ட கை பெரிய இடத்தில் என்ன செய்தது? 1989-இல் மைக் டைசனோடு மோதியபோது முதல் சுற்றிலேயே புருனோவின் இடது ஹூக் (முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து) ஒன்று சரியாகப் பட்டது. டைசன் தடுமாறினார், ஆனால் விழவில்லை. ஐந்தாவது சுற்றில் நடுவர் குறுக்கே புகுந்து புருனோவைத்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது. கடைசியில் 1995-இல் அவர் உலகப் பட்டம் வாங்கியது ஆலிவர் மெக்காலிடம், 12 சுற்றும் ஆடி, புள்ளிக் கணக்கில்.

குத்தின் பலம் குத்துகிறவருடைய சொத்து. அதை இயந்திரத்தில் அளந்துவிடலாம். நாக் அவுட் அப்படியல்ல, அதில் வாங்குகிறவருக்கும் பாதிப் பங்கு உண்டு. குத்துச்சண்டை ரசிகர்கள் பலரும் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலில் பலம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். புஜத்திலிருந்து என்றுதான் தோன்றும். உண்மையில் அது தரையிலிருந்து வருகிறது. பின்காலின் முன்பாதம் தரையை உதைக்கிறது, இடுப்பு திரும்புகிறது, முதுகும் தோளும் அதைத் தொடர்கின்றன, கை கடைசியில்தான் வந்து சேர்கிறது. வழியெல்லாம் கை தளர்வாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேகம் வராது. ஆனால் தொடுகிற அந்தக் கணத்தில் மணிக்கட்டு, முழங்கை, தோள் மூன்றும் இறுக வேண்டும். மணிக்கட்டுக்கு முன்னால் இருக்கும் கைப்பகுதியின் எடை மட்டும் சுமார் அரைக் கிலோதான். மூட்டுகள் தளர்ந்திருந்தால் எதிராளி மேல் விழுவது கிட்டத்தட்ட அவ்வளவுதான். இறுகினால் புஜத்தின் எடை, உடம்பின் எடையில் ஒரு பங்கு எல்லாம் முஷ்டிக்குப் பின்னால் வந்து நிற்கும். ஒலிம்பிக் குத்துச்சண்டை வீரர்கள் 7 பேரைப் பொம்மைத் தலை ஒன்றின் முகத்தில் குத்தவைத்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தச் செயல்படும் எடை சராசரியாக 2.9 கிலோ என்று வந்தது. விசையின் சராசரி 3,427 நியூட்டன். முஷ்டியின் வேகம் நொடிக்கு 9 மீட்டர்தான், புருனோவுடையதும் ஏறக்குறைய அதே. தேர்ந்த வீரர்களிடையே வேகத்தில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. முஷ்டிக்குப் பின்னால் எவ்வளவு எடையைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள் என்பதில்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

இனி வாங்குகிற தலைக்கு வருவோம். 1943-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஹோல்போர்ன் என்ற இயற்பியலாளர், ஜெலட்டினால் மூளை மாதிரிகள் செய்து தலைக்காயத்தை ஆராய்ந்தார். அவர் சொன்னது இன்றுவரை அடிப்படையாக நிற்கிறது. மூளையை அழுத்திச் சுருக்குவது கடினம், தண்ணீரைப் போல அது எளிதில் சுருங்காது. ஆனால் அதன் ஒரு பகுதியை இன்னொரு பகுதிமேல் வழுக்கவிடுவது மிக எளிது. உறைந்த தயிர்ச் சட்டியை நேராக நகர்த்தினால் தயிர் அப்படியே இருக்கும், சட்டென்று திருகினால் ஓரத்தில் விட்டுப்போகும். மண்டையோட்டுக்குள்ளும் அதுதான் கதை. தலை நேர்கோட்டில் பின்னால் தள்ளப்படுவதைவிட, திடீரெனச் சுழல்வதுதான் மூளையை அதிகம் இழுத்துத் திருகுகிறது. அந்தத் திருகல் மூளைத்தண்டின் மேற்பகுதி வரை போகும்போது, நம்மை விழிப்பாக வைத்திருக்கும் நரம்பு வலை சில நொடிகள் செயலிழக்கிறது என்பதே பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம். தசைகளின் பிடிப்பு போய்விடுகிறது, கால் மடங்குகிறது, ஆள் மரம் சாய்வதுபோல் சாய்கிறார். விழுகிற வழியில் கையை ஊன்றக்கூடத் தோன்றாததைக் கவனித்திருப்பீர்கள். தரையில் அடிபடும் முன்பே நினைவு போய்விட்டது என்பதற்கு அது அடையாளம்.

மோவாய்க்கு ஏன் இவ்வளவு மரியாதை என்பதும் இங்கேதான் புரிகிறது. தலை சுழலும் அச்சு கழுத்தில் இருக்கிறது. முகத்தில் அதற்கு நன்றாக எட்டத்தில் துருத்திக்கொண்டு நிற்பது மோவாய், ஆக அது ஒரு நெம்புகோல். அதன் ஓரத்தில் பக்கவாட்டில் ஹூக் விழுந்தால் தலை இடவலமாகச் சுழல்கிறது. கீழிருந்து அப்பர்கட் விழுந்தால் மேல்நோக்கி வெட்டுகிறது. அதே குத்து நெற்றியில் நேராக விழுந்தால் பெரும்பகுதி கழுத்து வழியாக உடம்புக்குள் போய்விடும். குத்தினவருக்குக் கை எலும்பு உடையவும் கூடும். இலக்கை ஐந்து சென்டிமீட்டர் தவறவிட்டால் 4,000 நியூட்டனும் வீண்.

அப்புறம் கழுத்து. குத்து வருவது தெரிந்தால் கழுத்துத் தசைகள் முன்கூட்டியே இறுகும், மோவாய் மார்போடு ஒட்டும். ஐந்து கிலோவுக்குள் இருக்கும் தலை, அந்தக் கணத்தில் உடம்போடு பூட்டப்பட்ட கனமான பொருளாகிவிடுகிறது. வருவதே தெரியாத குத்துக்கு இந்தப் பூட்டு இல்லை. சுமாரான விசைகூடத் தலையைச் சுழற்றிவிடும். நாக் அவுட்காரர்களின் உண்மையான கைவித்தை இந்த மறைப்பில் இருக்கிறது என்பது என் எண்ணம். முதலில் வயிற்றில் ஒன்று போட்டுக் கையைக் கீழே இறக்க வைப்பது, ஜாபை, அதாவது முன்னால் இருக்கும் கையின் நேர்க்குத்தை, கண்ணுக்கு நேராக நீட்டித் திரைபோட்டு அதன் பின்னாலேயே வலது கையை அனுப்புவது, எல்லாம் எதிராளியின் கழுத்துக்குத் தகவல் போகாமல் தடுக்கும் வேலைதான்.

2012 டிசம்பர் 8, லாஸ் வேகஸ். மானி பக்கியாவ், ஹுவான் மானுவல் மார்க்கெஸ் நான்காவது முறை மோதுகிறார்கள். முந்தைய மூன்று சண்டைகளில் 36 சுற்றுகள் ஆடியும் மார்க்கெஸால் பக்கியாவை ஒரு தடவைகூடக் கீழே தள்ள முடியவில்லை, நான்கு முறை விழுந்து எழுந்தவர் மார்க்கெஸ்தான். இந்த முறை உடம்பை நன்றாக ஏற்றிக்கொண்டு வந்திருந்தார், மூன்றாவது சுற்றில் பக்கியாவை ஒருமுறை வீழ்த்தியும் விட்டார். ஐந்தாவதில் தானும் விழுந்தார். ஆறாவது சுற்று முடிய ஓரிரு நொடி இருக்கும்போது பக்கியாவ் ஜாபோடு பாய்ந்து உள்ளே வந்தார். மார்க்கெஸ் பின்வாங்கவில்லை. லேசாகச் சாய்ந்து, குட்டையாக ஒரு வலது. பக்கியாவ் முகம் குப்புற விழுந்து அசையாமல் கிடந்தார்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முஷ்டி நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் போகிறது, எதிரே தலை 2 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொண்டால், மோதும் வேகம் 11. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆக 81-க்கு 121, அதாவது ஒன்றரை மடங்கு. அந்த அரை மடங்கைக் கொடுத்தது பக்கியாவின் சொந்தக் கால்கள். தாக்கும் எண்ணத்தில் முழு உடம்பும் முன்னால் பாயும்போது கழுத்தைத் தற்காப்புக்காகப் பூட்டவும் நேரமில்லை. எந்த இயந்திரத்தில் குத்தவிட்டு அளந்திருந்தாலும் இந்த நாக் அவுட்டை மார்க்கெஸின் கையில் கண்டுபிடித்திருக்க முடியாது.

எதிர்ப்பக்க உதாரணம் டியான்டே வைல்டர். 2018 டிசம்பரில் டைசன் ஃபியூரியை எதிர்கொண்டபோது 40 வெற்றி, 39 நாக் அவுட். இந்தக் காலத்தின் பயங்கரமான வலது கை அது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பன்னிரண்டாவது சுற்றில் வலது ஒன்று, தொடர்ந்து இடது ஹூக் ஒன்று. ஃபியூரி மல்லாந்து கிடந்தார், ஆட்டம் முடிந்தது என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். நடுவர் எண்ணி முடிக்கும் முன் எழுந்து நின்று, மீதிச் சுற்றையும் ஆடி டிரா செய்தார். 2021-இல் மறுபடி இரண்டு முறை விழுந்து, மறுபடி எழுந்து, 11-வது சுற்றில் வைல்டரையே சாய்த்தார். வைல்டரின் பலம் குறைந்துவிடவில்லை, வாங்கிய தலை வேறு. நாக் அவுட் சதவீதம் என்று போடுகிறார்களே, அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. யாரை வீழ்த்தியது என்று அதில் இருக்காது. நடுவர் நிறுத்தியது, மூலையில் நிற்கும் உதவியாளர்கள் தோல்வியை ஒப்புக்கொண்டு துண்டு வீசியது எல்லாமே அந்தக் கணக்கில் சேரும்.

தலையைத் தொடாமலும் ஆளை முடிக்கலாம். வலது விலாவின் கீழ் விளிம்பில் கல்லீரல் இருக்கிறது, அங்கே இடது ஹூக் இறங்கினால் போதும். 2004-இல் பெர்னார்ட் ஹாப்கின்ஸ் ஒன்பதாவது சுற்றில் ஆஸ்கார் டி லா ஹோயாவை இப்படித்தான் முடித்தார். டி லா ஹோயாவுக்கு நினைவு தப்பவில்லை. எழ முடியாத ஆத்திரத்தில் தரையைக் கையால் அடித்துக்கொண்டிருந்தார். கல்லீரலில் அடிபட்டதும் நரம்பு அனிச்சையாக இரத்த அழுத்தத்தை இறக்கிவிடுகிறது, மூச்சு பிடித்துக்கொள்கிறது, எழு என்று மனம் சொன்னாலும் கால் கேட்பதில்லை. அடி விழுந்து ஒரு நொடி கழித்துத்தான் ஆள் மடங்குவார், அந்தத் தாமதம் பார்க்கவே விசித்திரமாக இருக்கும்.

மெத்தை வைத்தால் ஆபத்து தீர்ந்துவிடும் என்று அமெச்சூர் குத்துச்சண்டையில் நம்பிய காலம் உண்டு. 1984 ஒலிம்பிக்கில் தலைக்கவசம் வந்தது. புருவம் கிழிவதை அது நன்றாகவே குறைத்தது, நேர்த்தாக்கத்தையும் ஓரளவு வாங்கிக்கொண்டது. ஆனால் மோவாய் திறந்தேதான் இருந்தது, தலை சுழல்வதை மெத்தை அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. தலை பெரிதாகி ஓரப் பார்வையும் மறைவதால், வரும் குத்தைக் காண்பதும் கடினமானது. 2013-இல் ஆண்கள் பிரிவில் கவசத்தை எடுத்துவிட்டார்கள், 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் வெறுந்தலையோடு ஆடினார்கள். பெண்கள் பிரிவில் கவசம் தொடர்ந்தது.