கோடு பாடுமா?

யாழ்ப்பாணம் கொக்குவிலிலிருந்து உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஓவியங்களைப் பார்த்து இசையமைத்தவர்களைப் பற்றிப் படித்தேன். இடையில் ஓர் ஆள் இல்லாமல் ஓவியத்தையே வாசிக்க முடியாதா? நல்லூர்க் கோபுரத்தை வரைந்து கொடுத்தால் எப்படிக் கேட்கும்?"

முடியும். 1930களிலேயே செய்து பார்த்துவிட்டார்கள்.

அவர் படித்த கதைகள் வேறு வகை. நண்பர் ஹார்ட்மன் இறந்தபின் நடந்த ஓவியக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கி 1874இல் ஒரு பியானோத் தொகுப்பு எழுதினார். பொக்ளின் வரைந்த 'மரணத் தீவு' ஓவியத்தின் கறுப்பு வெள்ளைப் பிரதியைப் பார்த்த இன்னொரு ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மானினோவ், தீவை நோக்கிப் போகும் படகின் துடுப்பசைவை ஐந்து எண்ணிக்கையில் அமைத்தார். நம்மவர் கேட்டால் கண்ட நடை என்பார்கள். ஆனால் அந்த ஐந்து ஓவியத்தில் இல்லை, ரக்மானினோவின் மனதில் இருந்தது. மாணவி கேட்பது மனம் குறுக்கிடாத வழியை.

அந்த வழி பழைய சினிமாப் படச்சுருளின் ஓரத்தில் இருக்கிறது. ராஜா, மனோகரா, வின்சர் தியேட்டர்களில் படம் பார்த்து வளர்ந்த மூத்தவர்கள் கேட்ட பாட்டெல்லாம் அந்த ஓரத்திலிருந்து வந்ததுதான். என்னிடம் ஒரு துண்டு 35 மில்லிமீற்றர் பிலிம் இருக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால், படங்களுக்கும் ஓரத் துளைகளுக்கும் இடையில் ஒரு மெல்லிய வெள்ளைப் பட்டை. அதன் விளிம்பு மலைத்தொடர் போல ஏறி இறங்குகிறது. அதுதான் பாட்டு. புரொஜெக்டரில் ஒரு விளக்கு, மிக ஒடுங்கிய ஒரு நீள்துளை, மறுபக்கம் ஓர் ஒளிமின்கலம். பட்டை அகலமான இடத்தில் வெளிச்சம் கூடப் போகும், ஒடுங்கிய இடத்தில் குறையப் போகும். கலத்தின் மின்னோட்டமும் அதற்கேற்பக் கூடிக் குறையும். விரியலாக்கியும் ஒலிபெருக்கியும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பிலிமில் கீறல் விழுந்தால் கரகரவென்று கேட்பதும் இதனால்தான்: கீறலும் ஒரு கோடு, கருவி அதையும் வாசிக்கிறது.

இன்னொரு நுணுக்கம். படம் ஒவ்வொரு செக்கனும் 24 தடவை நின்று நின்று போகவேண்டும். ஒலி நிற்காமல் ஓடவேண்டும். ஆகவே ஒரு காட்சிக்குரிய ஒலியை அந்தக் காட்சிக்குப் பக்கத்தில் பதிப்பதில்லை. ஏறத்தாழ 20 சட்டங்கள் (சுருளில் உள்ள தனித்தனிப் படங்கள்) முன்னால், சுருள் சீராக ஓடும் இடத்தில் வாசிக்கும்படி பதிவார்கள். கதாநாயகி திரையில் வாய் திறக்கும்போது அவள் குரல் வேறொரு சட்டத்தின் ஓரத்திலிருந்து வருகிறது!

இப்போது கணக்கு. ஒரு சட்டத்தின் உயரம் 19 மில்லிமீற்றர். 24ஆல் பெருக்கினால் செக்கனுக்கு 456 மில்லிமீற்றர். 440 ஹேர்ட்ஸ் மீடிறனில், அதாவது செக்கனுக்கு 440 அதிர்வுகளில், ஒரு சுரம் வேண்டுமென்றால், அந்த 456 மில்லிமீற்றருக்குள் ஒரே வடிவத்தை 440 தடவை அடுக்க வேண்டும். ஒரு வடிவத்துக்குக் கிடைப்பது ஒரு மில்லிமீற்றரும் கொஞ்சமும். நெருக்கி அடுக்கினால் சுரம் ஏறும், அகட்டினால் இறங்கும். பட்டையின் ஏற்ற இறக்கம் பெரிதானால் ஒலி உரக்கும்.

எனக்கு மிகப் பிடித்த இடம் அந்த ஒரு மில்லிமீற்றருக்குள்தான் இருக்கிறது. அதில் மெதுவாக வளையும் அலையை வரைந்தால் புல்லாங்குழலை நினைவூட்டும் மென்மையான ஒலி. அதே அளவில் மரம் அரியும் வாளின் பல் போல ஒரு கூர்முனை வரைந்தால், சுரம் அதேதான், ஆனால் ஒலி மூக்கால் வரும், உறைக்கும். காரணம் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபூரியேயின் கணிதம். எந்த வடிவம் திரும்பத் திரும்ப வந்தாலும் அதை மென்மையான சைன் அலைகளின் கூட்டாக எழுதலாம். மெதுவான வளைவுக்கு ஒன்றிரண்டு அலைகள் போதும். சட்டென்று திரும்பும் ஒரு மூலையை உண்டாக்க, மேற்றொனிகள், அதாவது மேலே மேலே மீடிறன் கூடிய அலைகள், பல வந்து சேரவேண்டும். காது அவற்றைத்தான் உறைப்பாக உணர்கிறது. நாதஸ்வரத்தின் சீவாளி காற்றைப் பட்டுப்பட்டென்று வெட்டி விடுவதால் மேற்றொனிகள் ஏராளமாகப் பிறக்கின்றன. வீதி முழுவதும் அது கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம். மூலை என்பது கண்ணுக்கு ஒரு திருப்பம். காதுக்கு அது ஒரு கூட்டம்.

1932இல் ஜேர்மனியில் ஒஸ்கார் ஃபிஷிங்கர் காகிதச் சுருள்களில் சேலைக்கரை போல அலங்கார வடிவங்களை வரைந்து, அவற்றைப் படமெடுத்து ஒலிப்பட்டையில் பதித்து ஓட்டிக் கேட்டார். அதே காலத்தில் மியூனிக்கில் ருடோல்ஃப் பெனிங்கரும் கையால் ஒலி வரைந்தார். கனடாவின் நோர்மன் மெக்லாரன் 1971இல் இன்னும் ஒரு படி போனார்: ஒலியை உண்டாக்கும் கோடுகளையே நிறமூட்டித் திரையிலும் காட்டினார். பார்ப்பதும் கேட்பதும் ஒன்றே.

கோபுரத்துக்கு வேறு முறை வேண்டும். ரஷ்யப் பொறியியலாளர் முர்சின் 1950களில் செய்து முடித்த ஏ.என்.எஸ். என்ற கருவியில் கறுப்புப் பசை பூசிய ஒரு கண்ணாடி. பசையைச் சுரண்டிப் படம் வரையலாம். இடமிருந்து வலம் காலம், கீழிருந்து மேல் மீடிறன். சுரண்டிய இடத்தால் போகும் வெளிச்சம் 720 சுத்தமான தொனிகளில் உரியதை ஒலிக்கச் செய்யும். ஒரு ஸ்தாயிக்கு 72 தொனிகள். இதைக் கர்நாடக இசையின் 72 மேளகர்த்தா இராகங்களோடு முடிச்சுப் போட வேண்டாம். பியானோவில் ஒரு ஸ்தாயியின் 12 படிகளில் ஒவ்வொன்றையும் ஆறாகப் பிரித்தார், அவ்வளவுதான். ஆனால் அந்த நெருக்கத்தால் நம் கமகத்தைக்கூட ஒரு வளைகோடாக வரைய முடியும்.

நல்லூர்க் கோபுரத்தின் வெளிக்கோட்டை மட்டும் சுரண்டினால், அடிக்கோடு சுருதி போல நீண்டு நிற்கும். அதன் மேல் ஒரு தொனி விறுவிறென்று வழுக்கி ஏறும், உச்சியில் கலசங்கள் சின்னக் கீச்சுகளாகக் கேட்கும், பிறகு வழுக்கி இறங்கும். பின்னோக்கி ஓட்டினாலும் அதேதான், கோபுரம் சமச்சீர் அல்லவா. சிற்பங்களையும் சேர்த்தால் நூற்றுக்கணக்கான தொனிகள் ஒன்றாக ஒலித்து இரைச்சலாகிவிடும். கண்ணின் அழகு அப்படியே காதுக்கு மாறாது. ரக்மானினோவின் மனம் இடையில் நின்று தெரிந்தெடுத்ததன் அருமை இங்கேதான் விளங்குகிறது.

மறுதிசையில், ஒலி படமாவது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஓம் என்று சொன்னால் மணலில் ஸ்ரீசக்கரம் தோன்றுகிறது என்று ஒரு காணொளி வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதிரும் தகட்டில் மணல் கோலமிடுவதை ஜேர்மன் பௌதிகவியலாளர் கிளாட்னி 1787இலேயே எழுதிவிட்டார். மணல் அதிர்வில்லாத கணுக்களில் போய்ச் சேர்கிறது. கோலத்தைத் தீர்மானிப்பவை தகட்டின் வடிவம், அதைப் பிடித்திருக்கும் இடம், மீடிறன் ஆகியவை. சொல்லின் பொருள் தகட்டுக்குத் தெரியாது. ஓமின் பெருமைக்கு இப்படிப்பட்ட சாட்சி வேண்டியதுமில்லை. பிள்ளைகளிடம் இதை விஞ்ஞானம் என்று சொல்லிக் கொடுப்பதுதான் எனக்குக் கோபம்.

இங்கே திருநெல்வேலியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் துறை இருக்கிறது. சில கிலோமீற்றர் தள்ளி மருதனார்மடத்தில், இராமநாதன் நுண்கலைக் கழகம் என்று நாம் அறிந்த இடத்தில், இசையும் ஓவியமும் கற்பிக்கிறார்கள். இவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்கப் பெரிய நிதி தேவையில்லை. ஒரு நல்ல ஒலிவாங்கியும் ஒரு மடிக்கணினியும் போதும்; ஒலியைப் படமாக்கிக் காட்டும் ஆடாசிட்டி மென்பொருள் இலவசம். அளவெட்டித் தட்சிணாமூர்த்தியின் தவில் ஒலித்த மண் இது. தவிலின் ஒரு சொல் திரையில் எப்படி விழுகிறது, தொப்பி எனும் இடப்பக்கத்தின் வரி எங்கே, வலந்தலை எனும் வலப்பக்கத்தின் வரி எங்கே என்று அளந்து பதிவதற்கு ஆய்வுப் பணம் ஒதுக்கினால் அது வீண் போகாது. வாசிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அத்தகையோர் வாழும் இணுவிலிலிருந்து தொடங்கலாம்.