ஒரு மோதலுக்கு ஒரு வெடிப்பா? கணக்கு உதைக்கிறது

சென்ற வாரம் ஒரு கல்லூரியில் பேசி முடித்து இறங்கியதும், ஒரு மாணவர் கைபேசியில் காணொலி ஒன்றைக் காட்டி, "சார், நியூட்ரான் விண்மீன்கள் மோதும்போதெல்லாம் விரைவு ரேடியோ வெடிப்பு வருமாமே?" என்று கேட்டார். இதே கேள்வியை எத்தனை முறை கேட்டுவிட்டேன் என்று எண்ணுவதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன். விரைவு ரேடியோ வெடிப்பு என்பது விண்வெளியிலிருந்து வந்து, நொடியில் ஒரு சிறு பங்கு நேரத்தில் மறைந்துவிடும் ரேடியோ அலைத் துடிப்பு. நியூட்ரான் விண்மீன் என்பது பெரிய விண்மீன் மடிந்தபின் எஞ்சும் மிக அடர்ந்த கரு.

பக்கத்திற்கு 326 கோடி ஒளியாண்டு நீளமுள்ள ஒரு பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கன கிகாபார்செக் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். இத்தகைய மோதல்கள் வெளியில் எழுப்பும் அதிர்வுகளான ஈர்ப்பலைகளைப் பிடிக்கும் கருவிகளின் முதல் மூன்று நோக்குக் காலங்களின்படி, அதற்குள் ஆண்டுக்கு 10 முதல் 1,700 வரை நியூட்ரான் விண்மீன் இணைவுகள், அதாவது மோதல்கள், நிகழலாம். அதே பெட்டியில் ஆண்டுக்கு நிகழும் ரேடியோ வெடிப்புகளோ பல்லாயிரம். கனடாவின் சைம் ரேடியோ தொலைநோக்கியின் முதல் பட்டியலைக் கொண்டு செய்த ஒரு கணிப்பு 70,000ஐ ஒட்டி வருகிறது. ஒவ்வோர் இணைவும் தவறாமல் ஒரு வெடிப்பைத் தருவதாகவே வைத்துக்கொண்டாலும், மேல் எல்லையில் நூற்றுக்கு இரண்டு, மூன்றுதான் தேறும். கீழ் எல்லையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கணக்கு பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. இணைந்த இரண்டு விண்மீன்கள் மறுபடி இணைய முடியாது. ஆனால் 2012இல் பதிவான ஒரு வெடிப்பின் மூலத்திலிருந்து, 2019இல் சீனாவின் ஃபாஸ்ட் தொலைநோக்கி 47 நாள்களில் 1,652 வெடிப்புகளைப் பிடித்தது. 1,652 முறை மோதினவா என்று கேட்டால் காணொலிக்காரர்களிடம் பதில் இல்லை. 2020 ஏப்ரல் 28 அன்று நம் பால்வெளியிலேயே ஒரு மேக்னட்டார் (மிக வலிய காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன்) இத்தகைய வெடிப்பை வெளியிட்டபோது, அங்கே எந்த மோதலும் நிகழவில்லை.

காணொலிகள் எல்லாம் பிடித்துத் தொங்குவது 2019 ஏப்ரல் 25ஆம் நாள் நிகழ்வை. ஓர் இணைவின் ஈர்ப்பலை வந்து இரண்டரை மணி நேரம் கழித்து, சைம் ஒரு வெடிப்பைப் பதிவு செய்தது. இது தற்செயலாக அமையும் வாய்ப்பு ஏறக்குறைய இருநூற்றில் ஒன்று என்று 2023இல் ஆய்வாளர்களே எழுதினார்கள். அமெரிக்காவின் லிவிங்ஸ்டனில் உள்ள ஈர்ப்பலைக் கருவி ஒன்றில் மட்டுமே தெளிவாகப் பதிந்த அந்த ஈர்ப்பலை, வானத்தின் ஐந்தில் ஒரு பங்கில் எங்கிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம். அவ்வளவு பெரிய வலையில் ஏதாவது ஒரு மீன் சிக்கத்தான் செய்யும். ஒரு முடிவு தற்செயலாக இருக்க வாய்ப்பு எவ்வளவு குறைவு என்பதை நாங்கள் சிக்மாவில் அளப்போம்; அந்த இருநூற்றில் ஒன்று 2.8 சிக்மா. 2.8 சிக்மாவுக்கு எங்கள் துறையில் ஒரு தேநீர்கூடக் கிடைக்காது. தவிர, ஏறத்தாழ 3.4 சூரிய நிறை கொண்ட அந்த இணை, கருந்துளையாகச் சரியாமல் இரண்டரை மணி நேரம் தாக்குப்பிடித்திருக்கும் என்பதைப் பலர் ஏற்கவில்லை.

ஆகவே, மோதலுக்கும் வெடிப்புக்கும் உள்ள தொடர்பு "உறுதியானது" என்று எவராவது சொன்னால், எத்தனை சிக்மா, வானில் எவ்வளவு பரப்பைத் தேடினார்கள், அந்த மூலம் மறுபடி வெடித்ததா என்று கேளுங்கள். கேட்காமல் தயவுசெய்து பகிராதீர்கள். இணைவுக்கு இதில் பங்கே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. எம்81 என்ற விண்மீன் மண்டலத்தைச் சேர்ந்த ஒரு முதிய கோளக் கொத்திலிருந்து, அதாவது பழைய விண்மீன்கள் நெருங்கிக் கிடக்கும் ஒரு கூட்டத்திலிருந்து, வெடிப்புகள் வருகின்றன. மேக்னட்டார்கள் வழக்கமாகப் பெரிய விண்மீன்கள் மடியும்போது பிறப்பவை. பெரிய விண்மீன்கள் எப்போதோ மடிந்துபோன அந்த இடத்தில் இளம் மேக்னட்டார் ஒன்று இருக்குமானால், அது ஏதோ ஓர் இணைவில் பிறந்திருக்கக்கூடும். அப்படியானாலும் வெடிப்பது அந்தப் பிள்ளைதானே தவிர, மோதல் அல்ல.