பப்ளிக் கன்சல்டேஷன்: கலந்தாய்வா, கருத்துக்கேட்பா?

இங்கிலாந்தில் ஒரு கவுன்சில், அதாவது உள்ளாட்சி மன்றம், தன் பகுதிக்கான உள்ளூர்த் திட்டத்தை வகுக்கும்போது, அது குறைந்தது 15 ஆண்டுகளை முன்னோக்கிப் பார்க்க வேண்டும். எத்தனை வீடுகள் கட்டுவது, எந்த வயல் குடியிருப்பாக மாறும், எது கட்டடங்களுக்குக் கட்டுப்பாடுள்ள பசுமை வளையமாகவே இருக்கும், எங்கே பள்ளியும் கடையும் வரலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். வரைவு வெளியானதும் 'பப்ளிக் கன்சல்டேஷன்' அறிவிப்பு வரும். அதைத் தமிழில் சொல்ல வேண்டி வரும்போது பொதுக் கலந்தாய்வு, மக்கள் ஆலோசனை, கருத்துக்கணிப்பு, கருத்துக்கேட்பு என்று ஆளுக்கொரு சொல்லைப் பயன்படுத்துகிறோம். எந்தச் சொல்லைக் கேட்கிறாரோ, அதற்கேற்ற எதிர்பார்ப்போடுதான் ஒருவர் அந்தக் கூட்டத்துக்குப் போவார். அதனால் இதைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

வேர்ச்சொல் லத்தீன். 'கோன்சுலெரே' என்றால் எண்ணிப் பார்த்தல், பிறரிடம் யோசனை கேட்டல். அதையே பலமுறை செய்வது 'கோன்சுல்தாரே'. இது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. பழைய ரோமில் ஆட்சித் தலைவர் செனட்டைக் கூட்டி, விஷயத்தை முன்வைத்து, உறுப்பினர்களிடம் ஒவ்வொருவராகக் கருத்துக் கேட்பார். கடைசியில் வரும் தீர்மானத்துக்கு 'செனட்டுஸ் கோன்சுல்தும்' என்று பெயர். பெயரளவில் அது யோசனைதான். ஆனாலும் அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. முடிவெடுப்பவர் ஒருவர், யோசனை சொல்பவர் வேறொருவர், யோசனை முடிவுக்கு முன்னால் வர வேண்டும் என்ற மூன்றும் அன்றைக்கே இந்தச் சொல்லில் இருந்தன.

இப்போது தமிழ்ச் சொற்களைப் பார்ப்போம். கருத்துக்கணிப்பு நிச்சயமாகப் பொருந்தாது. கணிப்பில் தலைகளை எண்ணுவார்கள். இங்கே ஒரே வாசகத்தில் நூறு பேர் கடிதம் எழுதினாலும் அவை எழுப்புவது ஒரே விஷயம்தான். 'இந்த வயலில் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குகிறது' என்று ஆதாரத்தோடு ஒருவர் மட்டும் எழுதினாலும் அதைத் திட்டத்தில் கருத்தில் கொண்டாக வேண்டும்.

கலந்தாய்வு அழகான சொல். ஆனால் இரு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து ஆராய்ந்து சேர்ந்தே முடிவெடுப்பது போன்ற தோற்றத்தைத் தருகிறது. சட்டம் அந்த அளவுக்குப் போகவில்லை. தமிழ்நாட்டில் அந்தச் சொல் கல்லூரிச் சேர்க்கையோடு ஒட்டிக்கொண்டும் விட்டது. இலங்கை வழக்கில் உள்ள கலந்தாலோசனைக்கும் ஏறக்குறைய இதே சிக்கல்தான். மக்கள் ஆலோசனை என்றால் மக்கள் தரும் ஆலோசனையா, மக்களுக்குத் தரும் ஆலோசனையா என்று குழப்பம் வரும்.

பழந்தமிழில் உசாவுதல், சூழ்தல் என்ற சொற்கள் இருந்தன. உசாவுதல் என்பது கேட்டறிதல், கலந்து யோசித்தல் இரண்டையும் குறிக்கும். இன்று, மேற்கோள் நூல்களைக் குறிக்கும் 'உசாத்துணை' என்ற வடிவில்தான் அதைப் பார்க்கிறோம். சூழ்ச்சி ஒரு காலத்தில் நல்ல ஆலோசனையைக் குறித்த சொல். இன்று அதன் பொருள் முழுக்கக் கெட்டுவிட்டது, திரும்ப அழைக்க வழியில்லை.

மீதி இருப்பது கருத்துக்கேட்பு. தமிழ்நாட்டில் சுற்றுச்சூழல் அனுமதிக்கான கூட்டங்களின் வழியே பலருக்கும் பழகிய சொல் இது. என் தேர்வும் இதுதான். பழக்கத்தை விடப் பெரிய காரணம், 'கேள்' என்ற வினைக்குத் தமிழில் மூன்று பொருள்கள் உண்டு என்பது. வினவுதல், செவிகொடுத்தல், 'சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறான்' என்னும்போது வரும் ஏற்று நடத்தல். கன்சல்டேஷனுக்கு ஆங்கிலேயச் சட்டம் வைத்திருக்கும் அளவுகோலில் இவற்றில் முதல் இரண்டும் இருக்கின்றன, மூன்றாவது கட்டாயமில்லை.

அந்த அளவுகோல் 1985-இல் லண்டனின் பிரென்ட் கவுன்சிலுக்கு எதிரான ஒரு பள்ளி வழக்கில் உருவானது. வழக்கின் பெயரால் 'கன்னிங் நெறிகள்' என்பார்கள். திட்டம் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் கட்டத்திலேயே கேட்க வேண்டும். யோசித்துப் பதில் சொல்வதற்குத் தேவையான காரணங்களையும் தகவல்களையும் தர வேண்டும். போதிய அவகாசம் கொடுக்க வேண்டும். வந்த பதில்களை முடிவெடுக்கும்போது மனச்சாட்சியோடு கருத்தில் கொள்ள வேண்டும். முதல் மூன்றும் ஒழுங்காக வினவுவதற்கான நிபந்தனைகள். நான்காவதில்தான் செவிகொடுத்தல் வருகிறது. அதைத் தாண்டி, சொன்னபடி நடக்க வேண்டும் என்ற கட்டாயம் கவுன்சிலுக்கு இல்லை. ஆனால் சொன்னதை எடைபோடாமல் தள்ளினால் முடிவையே நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். 2014-இல் லண்டனின் ஹாரிங்கே கவுன்சிலின் வரிச்சலுகை மாற்றம் குறித்த வழக்கில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் இந்த நெறிகளை உறுதிசெய்தது. மாற்று வழிகள் இருந்தும் அவற்றை மக்களிடம் சொல்லாமல் கேட்டது நியாயமான கேட்பே ஆகாது என்பது அந்தத் தீர்ப்பு.

நிலப் பயன்பாட்டைத் திட்டமிடும் துறையில் இதற்கு இன்னும் பழைய வரலாறு உண்டு. 1947-ஆம் ஆண்டு நகர, ஊரகத் திட்டச் சட்டம் நிலத்தில் எதைக் கட்டவும் அனுமதி வேண்டும் என்று ஆக்கியது. திட்டத்தைச் சமர்ப்பிப்பதற்கு முன்பே மக்களுக்குத் தெரிவித்துக் கருத்துச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்ற கட்டாயம் 1968 சட்டத்தில் வந்தது. அதை எப்படிச் செய்வது என்று ஆராய்ந்த ஸ்கெஃபிங்டன் குழு 1969-இல் அறிக்கை தந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவில் ஷெரி ஆர்ன்ஸ்டைன், மக்கள் பங்கேற்புக்கு எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணியை வரைந்தார். அதில் கருத்துக்கேட்பு நான்காவது படிதான். அதிகாரத்தில் பங்கு தராமல் கேட்பதோடு நிறுத்திக்கொண்டால் அது ஒப்புக்குச் செய்வதே என்பது அவர் வாதம். இந்த விமர்சனம் இன்றும் பொருந்துகிறது.

உள்ளூர்த் திட்டங்களுக்கான 2012 விதிகளின்படி கருத்துக்கேட்பு இரண்டு கட்டமாக நடக்கும். 18-ஆம் விதியின் கீழ் நடப்பது தொடக்கக் கட்டம். எந்த இடம், எத்தனை வீடு என்று எல்லாவற்றையும் பேசலாம். 19-ஆம் விதியின் கீழ் வருவது ஏறக்குறைய முடிந்த வரைவு. அதற்கு ஆறு வாரத்துக்குக் குறையாத அவகாசம் உண்டு. அந்தக் கட்டத்தில் திட்டம் சட்டப்படி அமைந்திருக்கிறதா, ஆதாரம் உள்ளதா, நடைமுறைக்கு ஒத்துவருமா என்ற அடிப்படையில்தான் எழுத வேண்டும். அப்புறம் அரசு நியமிக்கும் ஆய்வாளர் ஒருவர் அதைப் பரிசீலிப்பார். மாற்றம் கோரி எழுதியவர்களுக்கு அவர் முன் நேரில் பேசும் உரிமை உண்டு. முதல் கட்டத்தைத் தவறவிட்டுவிட்டு இரண்டாவதில் தொடக்கத்திலிருந்து வாதாட முயல்பவர்கள் நிறைய. 2023-இல் வந்த சட்டம் இந்தப் படிகளை மாற்றியமைக்கிறது என்பதால் அறிவிப்பு எந்த முறையின் கீழ் வந்தது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

'பப்ளிக்' என்பதற்கு 'குடியிருப்பாளர்' என்று எழுதுவதும் தவறு. யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம். நில உரிமையாளர்களும் கட்டுமான நிறுவனங்களும் அதே வாசல் வழியாகத்தான் வருகிறார்கள், பெரும்பாலும் வல்லுநர் அறிக்கையோடு. ஆகவே பொதுக் கருத்துக்கேட்பு என்பதே சரி.

அப்படி அனுப்பப்படும் பதிலைக் கருத்துரை எனலாம். மனு என்றால் கெஞ்சிக் கேட்பது போல் ஆகிவிடும். கவுன்சில் கட்டாயம் கேட்டாக வேண்டிய சுற்றுச்சூழல் முகமை போன்றவற்றுக்குச் சட்டப்படி கேட்கப்பட வேண்டிய அமைப்புகள் என்று நீட்டிச் சொல்வதே தெளிவு. திட்டத்தோடு சேர்த்து ஆய்வாளருக்கு அனுப்பப்படும் ஆவணத்தின் பெயர் கருத்துக்கேட்பு அறிக்கை. தொடக்கக் கட்டத்தில் யாரை அழைத்தார்கள், எப்படி அழைத்தார்கள், முக்கியமாக என்னென்ன விஷயங்கள் எழுந்தன, அவற்றைத் திட்டத்தில் எப்படிக் கருத்தில் கொண்டார்கள் என்று அதில் கவுன்சில் எழுத வேண்டும். வந்த கருத்துரைகளுக்குச் செவிகொடுத்தார்களா என்று பார்க்க விரும்புபவர் முதலில் புரட்ட வேண்டியது அதைத்தான்.