ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகிறவர்கள் பையில் என்ன இருக்க வேண்டும்?

வடசென்னையில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கத்திலிருந்து விடியற்காலையில் பைக் எடுத்தால், செங்குன்றம் தாண்டிப் பூண்டி அருகே குடியம் குகை, கொல்கத்தா நெடுஞ்சாலையான ஜி.என்.டி. சாலையைப் பிடித்தால் ஆந்திராவின் தடா அருவி. இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். போவது நல்லதுதான். அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு, அப்படிப் போகும் பிள்ளைகள் முதுகில் தொங்கும் பையைப் பற்றித்தான் கவலை. சிப்ஸும் ஸ்பீக்கரும் இருக்கும். இல்லாவிட்டால் வீடியோ பார்த்து வாங்கிய கத்தியும் கயிறும் இருக்கும்.

எதை எடுப்பது என்று முடிவு செய்ய ஒரு கேள்வி போதும். பாதையின் கடைசியில் ஒருவரால் நடக்க முடியாமல் போனால், வண்டி நிற்கும் இடத்துக்கு அவரைக் கொண்டுவர எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மணி நேரத்தில் ஏறிய கல்பாதையில் ஆளைத் தாங்கிக்கொண்டு இறங்க மூன்று நான்கு மணி நேரம் ஆகலாம். அந்த நேரத்தைத் தாக்குப்பிடிக்க உதவுவதை மட்டும் எடுங்கள்.

முதலில் தண்ணீர். நம் வெயிலுக்கு ஆளுக்கு மூன்று லிட்டராவது வேண்டும். கூடவே உப்பு-சர்க்கரைப் பொடியான ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் இரண்டு. அதை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பலரும் அரை லிட்டர் பாட்டிலில் முழுவதையும் கொட்டிக் குலுக்கிக் குடிக்கிறார்கள். உப்பும் சர்க்கரையும் இரண்டு மடங்காகி, தாகமும் வாந்தியும்தான் கூடும். வலி மாத்திரை விஷயத்திலும் கவனம்: உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது டைக்ளோஃபினாக் போட்டால் சிறுநீரகம் அடிவாங்கும்.

அடுத்து ஒரு கிரேப் பேண்டேஜ், அதாவது இழுத்தால் நீளும் கட்டுத்துணி. மலையில் அதிகம் நடப்பது கால் பிசகுவதுதான். கால்விரல்களின் அடியில் தொடங்கி, கணுக்காலைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி மேலே வாருங்கள். விரல் மரத்தாலோ நீலம் பாரித்தாலோ உடனே அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுங்கள். ஒரு பருத்தித் துண்டும் இருக்கட்டும். கை முறிந்தால் தூளியாகக் கட்டலாம், ரத்தம் கொட்டினால் மடித்து அழுத்தலாம், வெயிலில் சுருண்டவர் உடம்பை நனைத்து விசிறலாம். இவ்வளவு வேலைக்கு ஆகும் பொருள் வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

டார்ச், விசில், பவர்பேங்க். போன் வெளிச்சத்தை நம்பினால், 108-க்குக் கூப்பிட வேண்டிய நேரத்தில் சார்ஜ் இருக்காது.

பாம்புக்கடிக்கென்று பிளேடும் கயிறும் கொண்டுபோகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: அவற்றை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது. இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று காலே போகலாம். மோதிரம், கொலுசைக் கழற்றி, கடிபட்ட காலை அசையாமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கி வாருங்கள். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இருக்கிறது. நாட்டு வைத்தியம் தேடி ஒரு நிமிடம்கூட வீணாக்காதீர்கள்.

தமிழ்நாடு வனத்துறை 2024-இல் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் குடியமும் இருக்கிறது, வழிகாட்டியோடு போகலாம். ஆனால் அவர் வருகிறார் என்று பையைக் குறைக்க வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு ஒருவர் முதுகில் ஏற்றவும் வேண்டாம். அவர் முன்னால் போய்விட்டால், பின்தங்கி விழுந்தவருக்கு ஒன்றும் இருக்காது. அப்புறம், எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்குள் போன் வரும் என்று எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.